நாய் வளர்ப்போர் கேள்வி-பதில்: திகதி இல்லாத கடிதங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் நாயின் வயது இல்லை, இணை சேர்த்த திகதி இல்லை, நிறையும் இல்லை. "நாய் சாப்பிடுவதில்லை, என்ன செய்யலாம்?" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நான் எழுதக்கூடியது ஊகம் மட்டுமே, அந்த ஊகம் பிழைத்தால் அதை அனுபவிப்பது வாயில்லாப் பிராணி. ஒரு பெட்டையை மட்டும் வைத்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குட்டி எடுப்பவரிடமும் ஒரு கொப்பி, ஒரு சமையலறைத் தராசு, ஒரு வெப்பமானி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்று முன்னரும் எழுதியிருக்கிறேன். இனியும் எழுதுவேன்.

கோண்டாவில் வாசகர்: லப்ரடோர் பெட்டையைப் போன மாதத்துக்கு முந்திய மாதம் நடுப்பகுதியில் இணை சேர்த்தோம். மடியில் பால் வந்துவிட்டது, ஆனால் குட்டி போடவில்லை. ஊசி போட்டுக் குட்டியை வெளியே எடுக்கலாமா?

"நடுப்பகுதி" என்பது திகதி அல்ல. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். இணை சேர்த்த நாளிலிருந்து எண்ணும்போது 58இலும் வரலாம், 70இலும் வரலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இன்று ஐம்பத்தைந்தாம் நாளாகவும் இருக்கலாம், எழுபதாம் நாளாகவும் இருக்கலாம். கருப்பை வாய் திறக்காத நிலையிலோ, குட்டி குறுக்கே கிடக்கும் நிலையிலோ அந்த ஊசியைப் போட்டால் கருப்பையே கிழிந்துபோகக்கூடும் என்பதால், பரிசோதிக்காமல் அதைப் போடச் சொல்பவர் எவராயினும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். அத்துடன், பால் வந்ததே சினைக்குச் சாட்சி ஆகாது. சினை பிடிக்காத பெட்டைக்கும் பருவம் முடிந்து இரண்டு மாதமளவில் பால் ஊறும். மூலையில் சாக்கை இழுத்துப் போட்டுப் படுக்கை அமைக்கும். சினையா என்பதை ஒரு மாதத்தில் ஸ்கான் செய்து அறியலாம், 55 நாளுக்குப் பின் எக்ஸ்ரே எடுத்துக் குட்டிகளை எண்ணலாம். இன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எல்லோருக்குமாக ஒன்று சொல்கிறேன். கடைசிக் கிழமையில் காலையும் மாலையும் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள். வழக்கமாக 101, 102 பாகை பரனைட்டில் நிற்பது 99க்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் குட்டி வரும் என்று எதிர்பார்க்கலாம். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலும், ஒரு குட்டிக்குப் பின் இரண்டு மணி நேரம் கடந்தும் அடுத்தது வராவிட்டாலும், முதற்குட்டிக்கு முன்னரே கரும்பச்சை நீர் போனாலும் வீட்டில் வைத்துக் காத்திருக்கக் கூடாது.

சுன்னாகம் வாசகி: ஏழு வயதுப் பெட்டை. பருவம் முடிந்து ஒரு மாதமாகிறது. வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கிறது, சாப்பாடு எடுப்பதில்லை, பின்புறத்தில் துர்நாற்றத்துடன் சீழ் வடிகிறது.

நீங்கள் கடிதம் எழுதிய நேரத்தில் வைத்தியரிடம் போயிருக்க வேண்டும், அம்மா. இவை கருப்பையில் சீழ் கட்டியதற்கான அடையாளங்கள். பெரும்பாலும் கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சைதான் உயிரைக் காக்கும். சீழ் வெளியே வராமல் உள்ளே அடைபட்டால் நிலைமை இதைவிட மோசமாகும். இனிக் குட்டி எடுக்கும் எண்ணம் இல்லாத பெட்டைக்கு இளவயதிலேயே கருத்தடை செய்துவிடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

மானிப்பாய் வாசகர்: எங்கள் பொமேரியன் முதல் தடவை தெருநாயோடு சேர்ந்துவிட்டது. இனிப் போடும் குட்டிகளிலும் அந்த இரத்தம் கலக்குமா?

கலக்காது. ஒரு ஈற்றின் தகப்பன் அடுத்த ஈற்றில் எதையும் விட்டுச் செல்வதில்லை. ஆனால் அதே பருவத்தில் ஓரிரு நாள் இடைவெளியில் உங்கள் கடுவனையும் சேர்த்திருந்தால் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்மாரின் குட்டிகள் பிறக்கலாம். அந்தக் குட்டிகளை இனநாய் என்று சொல்லிக் கொடுப்பது நேர்மையல்ல.

சாவகச்சேரி வாசகி: டாஷன் பெட்டை ஆறு கிழமைச் சினை. எலும்பு பலமாகக் கல்சியம் பாணி கொடுக்கிறோம். ஒரு நாளைக்கு எத்தனை தேக்கரண்டி?

ஒன்றும் வேண்டாம், இன்றோடு நிறுத்துங்கள். இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டுக் கெடுதலில் முடியும் காரியங்களில் இது முதலாவது. தேவைப்படும்போது எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்து இரத்தத்தில் விடும் ஏற்பாடு உடலில் இருக்கிறது. சினைக்காலம் முழுவதும் வெளியிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் அந்த ஏற்பாடு மந்தமாகிவிடும். குட்டிகள் பிறந்து இரண்டு, மூன்று கிழமையில் பால் அதிகமாகப் போகத் தொடங்கும்போது இரத்தத்தில் கல்சியம் சடுதியாக விழுந்து பெட்டைக்கு வலிப்பு வரும். சிறிய இனங்களில், அதிலும் குட்டிகள் பல இருந்தால், இது அதிகம். காரணமின்றி மூச்சிரைத்தல், கால்கள் விறைத்தல், உடல் நடுங்குதல், குட்டிகளிடம் போக மறுத்தல் ஆகியவற்றைக் கண்டவுடன் குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு வைத்தியரிடம் ஓடுங்கள். நாளத்தில் மருந்து ஏற்றினால் பெரும்பாலும் மணித்தியாலக் கணக்கில் தேறிவிடும், தாமதித்தால் இறந்துவிடும். சினையின் கடைசி மூன்று கிழமையில் உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மீன், முட்டை, இறைச்சி சேர்த்து, அல்லது குட்டிகளுக்கென விற்கப்படும் தீனியைக் கொடுத்து வந்தால் போதும். வெறும் சோறும் குழம்பும் போதாது.

நெல்லியடி வாசகர்: ஐந்து கிழமைக் குட்டிகள் ஆறு இருக்கின்றன. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த உறவினர் தமது பெற்றோருக்குத் துணையாக ஒன்றைக் கேட்கிறார், அடுத்த கிழமை திரும்பிவிடுவாராம். குட்டிகள் தாமாகச் சாப்பிடுகின்றன, தாயும் பால் கொடுக்க மறுக்கிறது, ஊசியும் ஒன்று போட்டாயிற்று. கொடுக்கலாம்தானே?

கொடுக்கக் கூடாது. எட்டுக் கிழமை, அதாவது 56 நாள் நிறைய முன் ஒரு குட்டியும் வளவை விட்டுப் போகக் கூடாது. உறவினர் பணத்தைத் தந்துவிட்டுப் போகட்டும். குட்டியை நாள் வந்த பின் பெற்றோரின் வீட்டில் நீங்களே கொண்டுபோய் விடுங்கள்.

தாய் மறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பல் முளைத்த குட்டி முலையைக் கடிப்பதால் தாய் எழுந்து போகிறது. பாலை மறக்கடிக்கும் காலம் அது, பிரிக்கும் காலம் அல்ல. சில பேர் இந்த இரண்டையும் ஒன்றாக்கி "பால் மறந்துவிட்டது, கொண்டு போங்கள்" என்கிறார்கள். ஐந்தாம் கிழமைக்கும் எட்டாம் கிழமைக்கும் இடையில்தான் குட்டி தன் சகோதரங்களோடு கடித்து விளையாடி, எவ்வளவு பலமாகக் கடித்தால் மற்றது கத்தும், எப்போது தாய் உறுமும் என்பதைப் படிக்கிறது. அந்தப் படிப்பு இல்லாமல் போன குட்டி எழுபது வயதுப் பெரியவரின் கையைக் கடித்து இரத்தம் வரச் செய்யும்போது "பொல்லாத நாய்" என்ற பெயர் அதற்கு வருகிறது.

அடுத்தது ஊசி. பிறந்த முதல் நாளில் சீம்பாலோடு தாயிடமிருந்து வரும் எதிர்ப்புச் சக்தி குட்டியைச் சில கிழமைகள் காக்கிறது. அதே சக்தி நாம் போடும் தடுப்பூசியையும் வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. அது எந்தக் குட்டியில் எந்த நாளில் தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆறு கிழமையிலும் தீரலாம், நான்கு மாதமளவிலும் தீரலாம். ஆகவேதான் ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவையாகப் பதினாறு கிழமை வரை தொடர்ந்து போடுகிறோம். ஐந்தாம் கிழமையில் போட்ட ஒற்றை ஊசியைக் காட்டி "ஊசி போட்ட குட்டி" என்று சொல்வது வாங்குபவருக்குப் பொய்யான நம்பிக்கையைக் கொடுப்பதாகும். குட்டிகளைக் கொல்லும் பாவோ வைரஸ் மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். போன வருடம் குட்டி செத்த வளவுக்குள் இந்த வருடம் இன்னொரு குட்டி போகிறது, பத்து நாளில் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் வருகின்றன, விற்றவரைத் திட்டுகிறார்கள். போடப்பட்டது என்ன ஊசி, அது 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருந்ததா, அல்லது வெயிலில் மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் வந்ததா என்பதையும் எவரும் கேட்பதில்லை.

இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஏறத்தாழ இருபது வருடங்களுக்கு முன் நானும் ஒருவரின் அவசரத்துக்கு இணங்கி, முப்பத்தாறாம் நாளில் ஒரு அல்சேசன் குட்டியைக் கொடுத்தேன். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் நிறை குறையாத குட்டி அது. ஒன்பதாம் நாள் இரத்தக் கழிச்சலில் இறந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வீட்டுச் சிறுமி அழுததற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் பக்கம் இன்னும் என் கொப்பியில் இருக்கிறது.

கடைசி மூன்று கிழமையில்தான் குட்டிகளின் தீனிச் செலவு மிக அதிகம் என்பதும், முந்தி விற்பவர்களில் பலர் அந்தச் செலவுக்குப் பயந்தே விற்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தச் செலவைத் தாங்க முடியாதவர் இணை சேர்க்கவே கூடாது. தரகர்கள் காட்போட் பெட்டியில் அடைத்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பும் குட்டிகளில் எத்தனை 56 நாள் கண்டவை? வாங்குபவர்களும் தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பிறந்த திகதி, இரண்டாம், நான்காம், ஆறாம், எட்டாம் கிழமைகளில் பூச்சி மருந்து கொடுத்த திகதிகள், ஊசிக் குப்பியின் ஒட்டுத்தாள், அடுத்த ஊசியின் திகதி ஆகியவை எழுதிய தாளை விற்பவர் கையொப்பமிட்டுத் தராவிட்டால் வெறுங்கையோடு திரும்பி வாருங்கள்.

வேலணை வாசகர்: உண்ணி நிறைய இருக்கிறது. மண்ணெண்ணெய் பூசலாமா? மாட்டுக்கு வாங்கிய மருந்தும் மிச்சம் இருக்கிறது.

இரண்டும் ஆகாது. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். நக்கும்போது நுரையீரலுக்குள் போனால் குட்டி இறந்துவிடும். கழிவு ஒயில் பூசுவோருக்கும் இதே பதில்தான். மாட்டுக்கான மருந்தின் அளவு நாய்க்குப் பொருந்தாது; பால் கொடுக்கும் பெட்டைக்கு அதை நினைத்தும் பார்க்காதீர்கள். நாயின் நிறையை அறிந்து, நாய்க்கென உள்ள மருந்தை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். எட்டுக் கிழமைக்குக் குறைந்த குட்டியில் சீப்பாலும் கையாலும் எடுப்பதே நல்லது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடுவது நாயின் மேல் அல்ல, சுவர் வெடிப்பிலும் கிடுகுக்குள்ளும்தான். ஆகவே கூட்டைச் சுத்தம் செய்யாமல் நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. பல் முரசு வெளிறி, காய்ச்சலோடு சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை அவசியம்.

உரும்பிராய் மாணவர்: தாய் இறந்துவிட்டது. நான்கு நாள் குட்டிகள் ஐந்து. பசுப்பால் கொடுத்தால் கழிகிறது.

தம்பி, நீங்கள் குட்டிகளின் வயதையும் எண்ணிக்கையையும் ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசுப்பாலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, வெல்லச்சத்து குறைவு, அதனாலேயே கழிச்சல். நாய்க்குட்டிகளுக்கான பால்மாவைத் தேடி வாங்குங்கள். அதைவிட முக்கியம் சூடு. முதற்கிழமையில் படுக்கை 30 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மேல் மட்டும் மின்குமிழைத் தொங்கவிட்டால், சூடு கூடினால் குட்டி மறுபக்கம் ஊர்ந்து போகும். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது; முதலில் மெதுவாகச் சூடாக்க வேண்டும். மல்லாக்கப் போட்டு ஊட்டாதீர்கள், குப்புற வைத்தே ஊட்டுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டியபின் வெந்நீரில் நனைத்த பஞ்சால் பின்புறத்தை மெல்லத் தடவினால்தான் அவை சலமும் மலமும் கழிக்கும். தினமும் நிறுத்து எழுதுங்கள். பிறந்த நிறை பத்து நாளளவில் இரட்டிக்க வேண்டும். அயலில் யாரிடமாவது ஈன்ற பெட்டை இருந்தால் கேட்டுப் பாருங்கள், அதற்கு ஈடு எதுவும் இல்லை.

கொக்குவில் வாசகர்: ஹஸ்கி வாங்கிக் குட்டி எடுக்கலாமா?

பனிக்காக இரட்டை மயிர் அணிந்த பிராணியைச் சித்திரை வெயிலில் கட்டி வைக்க வேண்டாம்.

சங்கானை வாசகர்: எட்டு மாத ரொட்வைலர் பெட்டைக்கு முதற் பருவம் வந்திருக்கிறது. அதன் சகோதரக் கடுவனும் வீட்டிலேயே நிற்கிறது. சேர்க்கலாமா?

எட்டு மாதம் என்பது குழந்தைப் பருவம். பெரிய இனங்களில் இரண்டு வயதாகி, இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். உடன்பிறப்புகளைச் சேர்ப்பது எந்த வயதிலும் வேண்டாம். மறைந்திருக்கும் குறைகள் வெளிப்படும். கடுவனை மூன்று கிழமைக்கு வேறு வீட்டில் விடுங்கள். பருவம் தொடங்கிய திகதியைக் கொப்பியில் எழுதுங்கள்.

அளவெட்டி வாசகி: மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வருமா?

வரும், நாயின் சிறுநீரால் மனிதருக்கும் தொற்றும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இந்த நோய் உயிர்களைக் குடித்ததை மறந்துவிடாதீர்கள். மாரி தொடங்க முன் ஊசியைப் போட்டுவிடுங்கள். முதல் வருடம் சில கிழமை இடைவெளியில் இரண்டு, பிறகு வருடத்துக்கு ஒன்று. தீனியை இரவில் திறந்து வைக்காதீர்கள். எலி அதைத் தேடித்தான் வருகிறது.

பெயர் குறிப்பிடாதவர்: காய்ச்சலுக்குப் பனடோல் கொடுக்கலாமா?

வைத்தியர் சொல்லாமல் மனிதர் மருந்து எதையும் கொடுக்காதீர்கள்.

ஊர்காவற்றுறை வாசகர்: எங்கள் நாய் படலையைத் தாண்டுவதில்லை. விசர்நாய்க்கடித் தடுப்பூசி அவசியமா?

அவசியம். நாய் படலையைத் தாண்டாவிட்டாலும் தெருநாயும் கீரியும் வேலிக்குள்ளால் வரும். மூன்று மாதத்தில் முதலாவது, பின் ஒவ்வொரு வருடமும். குட்டி கடித்தாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். நாயை அடித்துக் கொல்லாமல் இரண்டு கிழமை கட்டி வைத்துக் கவனியுங்கள்.