ஆஃபர் வந்த சந்தோஷம்: 'ஐ ஆம்' போடுவதா, 'ஐ வாஸ்' போடுவதா?

கேள்வி: வேலைக்கான ஆஃபர் லெட்டர் நேற்று மெயிலில் வந்தது. 'ஐ வாஸ் வெரி ஹேப்பி டு ரிசீவ் யுவர் ஆஃபர்' என்று பதில் அனுப்பினேன். "அப்படியென்றால் இப்போது சந்தோஷம் இல்லையா?" என்று நண்பர் கேலி செய்கிறார். திருத்தி இன்னொரு மெயில் அனுப்பட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நீங்கள் எழுதியதில் பிழை இல்லை. ஆஃபர் கைக்கு வந்த நேரத்துச் சந்தோஷத்தைச் சொல்கிறீர்கள் என்று படிப்பவருக்குப் புரியும். 'ஐ ஆம்' போட்டிருந்தால் இன்னும் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

நண்பரின் கேலி வேறு இடத்தில் பொருந்தும். 'ஐ வாஸ் ஹேப்பி இன் தட் ஜாப்' என்றால் அந்த வேலையோ அந்தச் சந்தோஷமோ இப்போது இல்லை. உணர்ச்சி இன்னும் மனதில் இருந்தால் நிகழ்காலம். அன்றோடு முடிந்த கதை என்றால் இறந்தகாலம்.

குழப்பத்தை வளர்ப்பது, 'ஒரு வாக்கியத்துக்கு ஒரே டென்ஸ்' என்று சூத்திரம் விற்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள். அதை நம்பியவர் தாமதமாக வந்துவிட்டு, 'ஐ வாஸ் சாரி ஐ வாஸ் லேட்' என்கிறார். 'ஐ ஆம் சாரி ஐ வாஸ் லேட்' என்பதே சரி. தாமதம் நடந்து முடிந்தது, வருத்தம் இந்த நிமிடத்தில் இருக்கிறது. 12 கட்ட டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்து, கோடிட்ட இடத்தை நிரப்பி மார்க் வாங்கியவருக்கு ஒரு மன்னிப்பு கேட்க வரவில்லை என்றால், அப்புறம் எதற்கு அந்த அட்டவணை?

ஒரு விலக்கு மட்டும் உங்களுக்கு உடனே தேவைப்படும். சேரும் தேதியைக் கேட்கும்போது, 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் ஐ குட் ஜாயின் ஆன் மண்டே' என்று எழுதலாம். யோசனை இப்போதுதான், ஆனால் 'வாஸ்' வருகிறது. காலத்தைக் காட்ட அல்ல, பணிவுக்காக. மறுக்கவும் எதிராளிக்கு இடம் விடுகிறது. 'ஐ வாஸ் ஹோப்பிங்' என்பதும் இதே வகைதான். ஆனால் அதில் கவனம் வேண்டும். 'ஐ வாஸ் ஹோப்பிங் டு ஜாயின் ஆன் மண்டே' என்று மட்டும் எழுதி நிறுத்தினால், அந்த எண்ணத்தைக் கைவிட்டதாகவும் மேனேஜர் எடுத்துக்கொள்ளலாம். 'உட் தட் பி ஓகே?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்துவிடுங்கள்.