கேரம் பலகையும் சந்தகையும்

அன்புள்ள ஐயா,

கேரம் பலகை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். காய் எத்தனை முறை ஓரத்தில் மோதித் திரும்பினாலும் ஒரு பரப்பு மாறாது என்றீர்கள். வாய்க்கால் தண்ணீரும் அப்படித்தானே, வளைந்து ஓடினாலும் அளவு மாறுவதில்லை? பிறகு எதற்கு இப்படிப் பரப்பு காக்கும் மாற்றங்களுக்கு ‘சிம்ப்ளெக்டிக்’ என்று தனிப்பெயர்?

முதுகலைக் கணித மாணவன், கோபி

அன்புள்ள தம்பி,

சரியான இடத்தில் மடக்கியிருக்கிறீர்கள். நான் சொன்ன பரப்பு பலகையில் இல்லை, ஒரு வரைபடத்தில் இருக்கிறது: காய் ஓரத்தில் மோதும் இடம் ஓர் அச்சு, மோதும் கோணத்தின் கொசைன் இன்னோர் அச்சு. இரண்டே அச்சு இருக்கும்வரை உங்கள் வாய்க்கால் போதும். ஆனால் ஓடுகிற காயின் இருப்பிடம் சொல்ல இரண்டு எண், உந்தம் சொல்ல இரண்டு எண், ஆக நான்கு வேண்டும். வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

போன ஞாயிறு வீட்டில் சந்தகை பிழிந்தோம். வெந்த உருண்டையைச் சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டு அழுத்த வேண்டும், ஆறினால் இறுகிவிடும். பந்தாக இருந்தது நூல் நூலாக இறங்கியது. மாவு குறையவில்லை. கனஅளவு மாறக்கூடாது என்பது மட்டும்தான் விதி என்றால், எந்தப் பந்தையும் எவ்வளவு மெல்லிய குழாய்க்குள்ளும் இப்படி அனுப்பிவிடலாம். சிம்ப்ளெக்டிக் மாற்றங்களால் அது முடியாது என்று 1985இல் கணிதவியலாளர் கிரொமோவ் நிறுவினார். ஓர் இருப்பிட அச்சும் அதே திசைக்குரிய உந்த அச்சும் சேர்ந்த தளத்தில் குழாயின் வாய் இருந்தால், பந்தைவிடக் குறுகிய குழாய்க்குள் அது போகவே போகாது. கனஅளவுக்கு மேல் இன்னோர் அளவும் காக்கப்படுகிறது. அதைக் கொள்திறன் என்கிறோம். தனிப்பெயர் அதற்காகத்தான்.

அந்தக் கொள்திறனைக் கேரம் பலகையிலேயே படிக்கலாம் என்பதுதான் என்னை இன்றும் அசரவைக்கிறது. குவிந்த, அதாவது ஓரம் எங்கும் உள்நோக்கி மடங்காத, பலகை ஒன்றை எடுத்து, உந்தங்களை ஓரலகு ஆர வட்டுக்குள் வைத்தால், அந்த நாற்பரிமாண உருவத்தின் கொள்திறன் பலகையில் கிளம்பிய இடத்துக்கே வந்து கிளம்பிய திசையிலேயே மறுபடி ஓடும் மிகக் குறுகிய மூடிய பாதையின் நீளம். ஆர்ட்ஸ்டைன்-அவிதானும் ஆஸ்ட்ரோவரும் காட்டியது இது. ஆடுதளம் 74 செ.மீ. சதுரம், ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4 செ.மீ. என்று கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கரின் மையம் 70 செ.மீ.க்குள்தான் ஓடும். உராய்வையும் குழிகளையும் விட்டுவிட்டால், எதிர் ஓரத்துக்கு நேராக அடித்து வாங்குவதே மிகக் குறுகிய பாதை: 140 செ.மீ.

ஒரே கனஅளவுள்ள குவிந்த உருவங்களில் பந்துக்கே கொள்திறன் அதிகம் என்று 2000இல் வித்தர்போ ஊகித்தார். பலரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். 2024இல் ஹைம்-கிஸ்லெவும் அதே ஆஸ்ட்ரோவரும் அதை உடைத்தார்கள். உடைத்த உருவம் ஒழுங்கு ஐங்கோணப் பலகை ஒன்றுதான். உந்தங்களுக்கு வட்டுக்குப் பதில் அதே ஐங்கோணத்தை 90 பாகை திருப்பி வைத்தார்கள். அப்போது பாதையின் நீளத்தை அளக்கும் கோலே மாறிவிடுகிறது.

ஒரு தாளில் ஐங்கோணம் வரைந்து, முதலில் சாதாரணக் கோலாலேயே அளந்து குறுகிய மூடிய பாதையைத் தேடுங்கள். மூலைகளையும் சேர்த்துப் பாருங்கள். கிடைத்ததை எழுதி அனுப்புங்கள்.