வைட்டமின் பி12 குறைவுக்கு ஸ்பைருலினா போதுமா?

கேள்வி: நான் சைவம். பி12 குறைவு என்கிறார் டாக்டர். மாத்திரைக்குப் பதிலாக ஸ்பைருலினா சாப்பிடலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டாம் அம்மா, மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஸ்பைருலினா என்பது தண்ணீரில் வளரும் ஒரு நீலப்பச்சைப் பாசி. அதில் இருப்பது பெரும்பாலும் பி12-ஐப் போன்ற வேறொரு பொருள். நம் உடலுக்கு அது உதவாது.

அதற்காக அதை ஒதுக்கவும் வேண்டாம். பொடியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 60 கிராம் புரதம் இருக்கிறது. ஆனால் ஒரு டீஸ்பூன் என்பது 3 கிராம்தான். 2 கிராம் புரதம்கூடத் தேறாது. பருப்பும் சுண்டலும் தொடரட்டும்.

எனக்கு அதன்மேல் பிரியம் வந்தது வளர்த்துப் பார்த்த பிறகுதான். மொட்டை மாடியில் ஒரு தொட்டி, சோடா உப்பு கலந்த தண்ணீர், நல்ல வெயில். அந்தத் தண்ணீரின் காரத்தன்மையில் வேறு பாசிகள் எளிதில் தலைகாட்டாது. துணியில் பாசியை வடித்ததும் அதே தண்ணீரைத் தொட்டியிலேயே ஊற்றிவிடுவேன். வயலே தேவையில்லை, பாருங்கள்!

ஆப்பிரிக்காவில், சாட் ஏரிப் பக்கம் கானெம் பகுதிப் பெண்கள் குட்டைகளில் இதை அள்ளி, மணலில் காயவைத்து, 'திஹே' என்ற வில்லைகளாக்கிக் குழம்பில் கரைக்கிறார்கள். அப்படித்தான் நானும் சாப்பிடுகிறேன், சாம்பாரை இறக்கிய பிறகு ஒரு சிட்டிகை.

வாங்கும்போது பரிசோதனைச் சான்று உள்ளதா என்று பாருங்கள். அசுத்தமான தண்ணீரில் வளர்ந்தால் நச்சு கலந்திருக்கும்.