இணையவழிக் கல்லூரிப் பாடத்துக்கு எல்லா மாணவருக்கும் எட்டும்படி பாடத்திட்டம் எழுதுவது எப்படி?

கல்லூரிப் பாடம் ஒன்றை முதன்முறையாக முழுக்க இணையவழியில் நடத்தப் போவதாகவும், பாடத்திட்டத்தைத் தெளிவாகவும் எல்லா மாணவரும் பயன்படுத்தும்படியும் எழுத விரும்புவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். வகுப்பறைக்காக எழுதிய பழைய கோப்பு ஒன்று உங்களிடம் இருக்கும், தேதிகளை மட்டும் மாற்றி அதையே ஏற்றிவிடலாமா என்ற எண்ணமும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வகுப்பறையில் பாடத்திட்டம் அரைகுறையாக இருந்தாலும் முதல் நாளே ஆசிரியர் வாய்விட்டு விளக்கிவிடுகிறார். கேட்கக் கூச்சப்படுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுகிறார். இணையவழி மாணவர் வேலை முடிந்து வந்து, இரவு நெடுநேரம் கழித்துக் கைப்பேசியில் அந்தக் கோப்பைத் திறக்கும்போது அவருடைய சந்தேகத்துக்குப் பதில் சொல்ல அந்தக் கோப்பை விட்டால் வேறு ஆள் கிடையாது.

இந்தக் கேள்வியைக் கடந்து போக என்னால் முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. நான் இணையவழியில் அடிப்படைப் புள்ளியியல் நடத்தும் பகுதி நேர ஆசிரியர். முன்பு நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், பாடத்திட்டம் எந்த வடிவில் மாணவரிடம் போக வேண்டும் என்பதை அலுவலகமே முடிவு செய்தது. எல்லாக் கருவிகளிலும் தமிழைத் தமிழாகவே சேமிக்கும் ஒருங்குறியில் (யூனிகோடில்) நான் எழுதிக் கொடுத்ததை அவர்கள் தங்கள் படிவத்துக்குள் கொண்டுபோய், அதன் எழுத்துருவான பாமினிக்கு மாற்றி, அச்செடுத்து, துறைத்தலைவரின் கையொப்பமும் முத்திரையும் பெற்று, ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக ஏற்றினார்கள். அந்தப் பருவத்தில் என் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் சேர்ந்திருந்தார். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் அவருடைய திரைவாசிப்பு மென்பொருள் அந்தக் கோப்பைத் திறந்து, வெற்று ஆவணம் என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டது. ஸ்கேன் செய்த பக்கம் என்பது ஒரு படம். அதில் மென்பொருளுக்கு எட்டும்படி ஓர் எழுத்துகூட இல்லை.

அவர் பொறுமையாக அலுவலகத்துக்கு எழுதி மூல வேர்டு கோப்பைக் கேட்டுப் பெற்றார். பிறகு என்னைத் தொலைபேசியில் அழைத்து, "சார், நான் சொல்வதைவிட நீங்களே ஒருமுறை கேட்டுவிடுங்கள்" என்று சொல்லி, கைப்பேசியைக் கணினி அருகில் வைத்தார். பாடத்திட்டம் என்ற தலைப்புச் சொல்லை அந்த மென்பொருள் எழுத்தெழுத்தாக இப்படி வாசித்தது: ஜி, எச், எல், ஜே, அரைப்புள்ளி, ஜே, பி, எல், அரைப்புள்ளி, எல், கே, அரைப்புள்ளி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவம் வரையப்பட்டிருப்பதால் கண்ணுக்கு மட்டும் தமிழாகத் தெரிகிறது. ஒருங்குறியின் முதல் பதிப்பு வெளிவந்த 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் அதில் இடம்பெற்றுவிட்டது. இவ்வளவு காலம் கழித்தும் ஒரு மாணவர் தன் பாடத்தின் பெயரை அரைப்புள்ளிகளாகக் கேட்க வேண்டியிருந்ததை இன்றைக்கும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் என்னிடம் கேட்டது மிகச் சிறிய விஷயம்: முதல் ஒப்படைப்பு எப்போது, அதற்கு எத்தனை மதிப்பெண்? மற்ற எல்லாரும் முதல் நாளே தெரிந்துகொண்ட செய்தி அது.

அலுவலகத்தில் கிடைத்த பதில், "அவருக்கு மட்டும் தனியாக ஒரு படி தயாரித்துக் கொடுத்துவிடுங்கள், பொதுக் கோப்பைத் தொட வேண்டாம்" என்பது. இதில் என்ன தவறு என்று இங்கேயும் சிலர் கேட்கக்கூடும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். தனிப்படி எப்போதும் பிந்தியே வரும்; பருவத்தின் தொடக்க நாட்கள் அந்த மாணவருக்குக் கைநழுவிப் போகும். பொதுக் கோப்பில் தேதி மாறினால் தனிப்படியிலும் மாற்ற வேண்டும் என்பது யாருக்கும் நினைவிருக்காது. எனக்குத் தெரிந்தே இரண்டாவது ஒப்படைப்பின் தேதியை அலுவலகம் மாற்றியபோது அவரிடம் இருந்த படியில் பழைய தேதியே இருந்தது. மேலும், படமாக இருக்கும் கோப்பால் பார்வையுள்ளவர்களுக்கும் பயனில்லை. தாமதமாகச் சமர்ப்பித்தால் என்ன ஆகும் என்று அறிய விரும்பும் மாணவர் 'தாமதம்' என்ற சொல்லைத் தேட முடியாது. கைப்பேசித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கு வெளியே ஓடிவிடும். ஒரு தேதியை நகலெடுத்து நாட்காட்டியில் ஒட்டவும் முடியாது. ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 24ஆம் உறுப்பு கல்வியில் சமவாய்ப்பைப் பற்றியே பேசுகிறது. எல்லாரும் படிக்கிற கோப்பையே அவரும் அதே நாளில் படிக்க முடிவதைத்தான் நான் சமவாய்ப்பு என்று புரிந்துகொள்கிறேன்.

ஆகவே கோப்பின் வடிவத்திலிருந்தே தொடங்குங்கள். முடிந்தால் பாடத்திட்டத்தை மூடில் போன்ற கற்றல் தளத்திலேயே ஒரு வலைப்பக்கமாக எழுதுங்கள். எந்தக் கருவியிலும் திறக்கும், திரைக்கேற்ப வரிகள் மடங்கும். வேர்டு கோப்பாகத்தான் எழுத வேண்டும் என்றால், தலைப்புகளைத் தடித்த பெரிய எழுத்தில் போடுவதோடு நிறுத்தாமல், மென்பொருளில் உள்ள தலைப்புப் பாணிகளைக் (ஹெடிங் ஸ்டைல்ஸ்) கொண்டே அமையுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர் ஆவணத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்பதில்லை. என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளில் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். நாம் தலைப்பை ஓரக்கண்ணால் தேடுவதைப் போலவே அவர் தேடுகிறார். தலைப்பாகக் குறிக்கப்படாத தடித்த எழுத்து அந்தத் தாவலில் அகப்படாது. பிடிஎஃப் தேவைப்பட்டால் 'பிடிஎஃப் ஆகச் சேமி' என்ற வழியில் உருவாக்குங்கள். 'பிடிஎஃப் ஆக அச்சிடு' என்ற வழியில் போனால் நீங்கள் உழைத்து அமைத்த தலைப்புக் குறிகள் எல்லாம் உதிர்ந்துவிடும்.

இணைப்புகளுக்கு 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதாதீர்கள். இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்கிறவருக்கு 'இங்கே, இங்கே, இங்கே' என்றுதான் கேட்கும். 'முதல் வாரத் தரவுத்தாள்' என்று எழுதினால் போதும். கடைசித் தேதிகளைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள்; நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அது மற்ற வரிகளோடு கலந்துவிடும். 2023இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் 2.2 பதிப்பு, 'ஏஏ' எனப்படும் இரண்டாம் நிலைத் தகுதிக்கு, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் வேண்டும் என்கிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் இந்த அளவைத் தாண்டாது. அட்டவணை தேவைப்படும் இடத்தில் தாராளமாகப் போடுங்கள், ஆனால் கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்காமல், முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறித்து, எளிய அட்டவணையாக வைத்திருங்கள்.

வடிவத்தைச் சரிசெய்துவிட்டாலே தெளிவு வந்துவிடாது. இணையவழிப் பாடத்திட்டங்களில் நான் காணும் பெரிய குழப்பம் நேரத்தைப் பற்றியது. 'ஞாயிறு நள்ளிரவு 12 மணிக்குள்' என்று எழுதினால், சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் 12 மணியா, ஞாயிறு முடிந்து திங்கள் பிறக்கும் 12 மணியா என்று பாதிப் பேர் ஒருவிதமாகவும் மீதிப் பேர் வேறுவிதமாகவும் எடுத்துக்கொள்வார்கள், இரு சாராரும் சொல்வது நியாயமாகத்தான் இருக்கும். 'ஞாயிறு இரவு 11:59' என்று கிழமையோடும் தேதியோடும் எழுதி, எந்த நேர மண்டலம் என்பதையும் சேர்த்துவிட்டால் அந்த வாதமே எழாது. மாணவர்கள் பல நாடுகளில் இருந்தால் உலகப் பொது நேரத்தையும் (யுடிசி) உடன் கொடுங்கள்; சில நாடுகளில் பருவத்தின் நடுவே கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றிவைப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது உழைப்பின் அளவு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று பெரும்பாலான பாடத்திட்டங்கள் சொல்வதே இல்லை. நேரடி வகுப்பு ஒரு மணி நேரம் என்பதைப் பார்த்துவிட்டு, அதுதான் முழுப் பாடமும் என்று வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். ஐரோப்பியக் கல்லூரிகளின் கடன்மதிப்பு (கிரெடிட்) முறையில் ஓர் அலகு என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அந்தக் கணக்கில் 5 அலகுப் பாடத்தை 15 வாரத்துக்குப் பகிர்ந்தால் வாரம் ஏறத்தாழ 8 முதல் 10 மணி நேரம் வருகிறது. உங்கள் நிறுவனத்தின் கணக்கு வேறாக இருக்கலாம். எதுவானாலும் காணொளி எவ்வளவு நேரம், வாசிப்பு எவ்வளவு நேரம், பயிற்சி எவ்வளவு நேரம் என்று பிரித்து எழுதுங்கள். பிள்ளைகளையும் பெற்றோரையும் கவனித்துக்கொண்டு படிக்கிறவருக்கு இந்த ஒரு வரி மிகப் பெரிய உதவி.

பாடத்தின் நோக்கங்களை எழுதும்போது 'மாணவர் சராசரியைப் பற்றிப் புரிந்துகொள்வார்' என்று எழுதினால், புரிந்துகொண்டோமா என்பதை அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? 'கொடுக்கப்பட்ட தரவுக்குச் சராசரி பொருந்துமா, இடைநிலை பொருந்துமா என்று காரணம் காட்டித் தேர்ந்தெடுப்பார்' என்று எழுதி, அதன் அருகிலேயே 'இது மூன்றாவது ஒப்படைப்பில் சோதிக்கப்படும்' என்று குறிப்பிட்டால், அந்த ஒப்படைப்பை ஏன் செய்கிறோம் என்பதும் விளங்கிவிடுகிறது. 1956இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் தலைமையில் உருவான கற்றல் நோக்கங்களின் வகைப்பாட்டிலிருந்து வினைச்சொற்களை எடுத்துப் படிவத்தை நிரப்புவது எங்கும் வழக்கமாகிவிட்டது. அந்த வகைப்பாட்டின் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் பாடத்துக்கு ஒப்புதல் தரும் குழுவுக்காக எழுதிய அந்த வாசகங்களை அப்படியே மாணவருக்கும் கொடுப்பது நியாயமில்லை.

மதிப்பெண் பங்கீடு, தாமத விதி, எத்தனை முயற்சிகள் அனுமதி, மின்னஞ்சலுக்கு எவ்வளவு நேரத்தில் பதில் வரும், நேரடி வகுப்பின் பதிவு கிடைக்குமா, கேமராவை இயக்கியே ஆக வேண்டுமா, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த ஒப்படைப்பில் எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பவற்றை எல்லாம் நேரான வாக்கியங்களில் எழுதிவிடுங்கள். நேரம் வைத்து நடத்தும் வினாடி வினாவில் கூடுதல் நேரம் தேவைப்படுகிறவர் யாரிடம், எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்பதை மறக்காமல் சேருங்கள். ஆசிரியரிடம் நோயின் விவரத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் எழுதுங்கள். இதைக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் சட்ட மொழியில் புதைக்காமல் மேலே கொண்டுவாருங்கள். கேட்கத் தயங்குகிறவர்களுக்கு, இது எல்லாருக்கும் சொல்லப்பட்ட வழி என்று தெரிவதே தைரியம் தரும்.

இவ்வளவையும் எழுதினால் நீளமாகிவிடும், யாரும் படிக்க மாட்டார்கள் என்பார்கள். ஒழுங்கான தலைப்புகள் இருந்தால் நீளம் பெரிய தடையில்லை, வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியில் முக்கியத் தேதிகளும் தொடர்பு முகவரியும் இருக்கட்டும். நான் முதல் வாரத்தில் பாடத்திட்டத்தைப் பார்த்தே பதில் எழுதும் சிறு வினாடி வினா ஒன்று வைக்கிறேன். எந்தக் கேள்வியில் பலர் தடுமாறுகிறார்களோ அந்தப் பகுதியைத் திருத்தி எழுதுகிறேன். கல்லூரி மாணவர்களைச் சிறு பிள்ளைகளாக நடத்துகிறீர்கள் என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். விதியைத் தெளிவாகச் சொல்வது யாரையும் சிறியவராக்காது. மறைந்திருக்கும் விதியை ஊகிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே கல்லூரிக்குப் போனவர்களின் பிள்ளைகள்தான்.

இதோடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும். காணொளிகளுக்குத் தமிழ் வசன வரிகளைத் திருத்துவது, தானியங்கி வரிகள் தப்பும் தவறுமாக வருவதால், பல சமயம் காணொளி எடுப்பதைவிட அதிக உழைப்பைக் கேட்கிறது. பகுதி நேர ஆசிரியருக்கு வகுப்பு நடத்தும் மணிக்கு மட்டும் ஊதியம் கணக்கிடும் நிறுவனங்கள் இந்த உழைப்பை வேலையாகவே எண்ணுவதில்லை, பாடம் தொடங்குவதற்குச் சற்று முன்னர்தான் யார் நடத்துவது என்பதையே தெரிவிக்கின்றன. அணுகல்தன்மை பற்றிய சுற்றறிக்கையை அனுப்பும் அதே அலுவலகம் அதற்கான நேரத்தையும் ஒதுக்க வேண்டும். இதைச் சொன்னால் சாக்குப்போக்கு என்று எண்ண வேண்டாம், நேரம் தரப்படாதபோதும் நான் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் நிறுவனமும் கையொப்பமிட்ட ஸ்கேன் கோப்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அதைக் கோப்புக் கட்டுக்காக அவர்களிடமே வைத்துக்கொள்ளச் சொல்லி, மாணவர் தளத்தில் எழுத்து வடிவக் கோப்பை ஏற்ற அனுமதியை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் மறுப்பது கடினம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் ஆகிய திரைவாசிப்பான்கள் கருவியிலேயே இருக்கின்றன. கோப்பை ஏற்றுவதற்கு முன் அவற்றில் ஒன்றை இயக்கி, திரையைப் பார்க்காமல் முதல் ஒப்படைப்பின் தேதியைக் கண்டுபிடிக்க முயலுங்கள். முந்தைய மாணவர் ஒருவரிடமும் கோப்பைக் கொடுத்து, தாமத விதி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்; அவர் தேடும் வழியில் எந்தத் தலைப்பு குறைகிறது என்பது தெரிந்துவிடும். பருவத்தின் நடுவே எதையாவது மாற்றினால், கோப்பின் மேலே திருத்திய தேதியையும் மாறிய வரியையும் குறித்து, அறிவிப்பாகவும் தனியே அனுப்பிவிடுங்கள்.