வாசகர் கேள்வி: சார்காய்டோசிஸ் இனம் பார்த்து வருமா?

கேள்வி: டெட்ராய்ட்டில் என் மகனோடு வேலை பார்க்கும் கறுப்பினப் பெண்ணுக்கு நுரையீரலில் சார்காய்டோசிஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். கறுப்பினத்தவருக்கு இது அதிகம் வரும், வெள்ளையருக்கு வந்தால் தானாகவே போய்விடும் என்கிறார்களாம். நோய்க்கும் இனத்துக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, திருச்சி

பதில்: அதிகம் வருவது உண்மைதான். டெட்ராய்ட்டிலேயே எடுத்த கணக்கு உண்டு. 1997இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆண்டுக்கு லட்சம் பேரில் புதிதாக நோய் கண்டவர்கள் கறுப்பினத்தவரில் 35 பேருக்கு மேல், வெள்ளையரில் 11 பேர் அளவில். ஆனால் இதை வைத்து அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

நுரையீரலுக்குள் நடப்பது இதுதான். உள்ளே வந்த ஏதோ ஒன்றை (அது எது என்று மருத்துவ உலகத்துக்கு இன்னும் பிடிபடவில்லை) எதிர்ப்பு செல்கள் விழுங்கித் துண்டாக்கி, ஒரு துணுக்கை எச்எல்ஏ என்ற புரதத்தில் ஏந்தி டி செல்கள் என்ற வெள்ளையணுக்களிடம் காட்டுகின்றன, அதை அடையாளம் கண்டுகொண்ட டி செல்கள் கூட்டம் சேர, கிரானுலோமா என்கிற சின்னச் சின்னக் கட்டிகள் உண்டாகின்றன. எந்தத் துணுக்கு எச்எல்ஏவில் பொருந்தும் என்பது மரபணுவைப் பொறுத்தது, அந்த மரபணுவோ ஆளுக்கு ஆள் ஏகத்துக்கும் மாறுவது.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் இதைக் கண்ணால் பார்த்தார்கள். மூச்சுக்குழாய் வழியே மெல்லிய குழாயை விட்டு, உப்புநீரைச் செலுத்தி, திரும்ப உறிஞ்சி எடுத்த நீரைச் சோதித்தால், எச்எல்ஏ மரபணுக்களில் ஒன்றான டிஆர்பி1இன் 03 வகை உள்ள நோயாளிகளிடம் ஒரே மாதிரி ஏற்பி (துணுக்கை அடையாளம் காணும் பகுதி) கொண்ட டி செல்கள் குவிந்திருந்தன. அதே ஆளின் ரத்தத்தில் அந்தக் குவியல் இல்லை!

ஸ்வீடனில் இந்த நோயின் லோஃப்கிரென் என்றொரு வகை சகஜம். திடீர்க் காய்ச்சல், கணுக்கால் வீக்கம், காலில் சிவந்து வலிக்கும் தடிப்புகள். இது வந்தவர்களில் 03 இருந்தால் 2 ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய எல்லோருக்குமே குணமாகிவிட்டது, இல்லாதவர்களில் பாதிப் பேருக்குத்தான். அவர்களும் ஸ்வீடன்காரர்கள்தானே? அப்புறம் எப்படி வெள்ளையர் என்றாலே தானாகப் போய்விடும் என்பது? இன்னொரு அமெரிக்க ஆய்விலும் அதே டிஆர்பி1இன் 11:01 என்ற வகை கறுப்பினத்தவர், வெள்ளையர் இருவரிடமுமே நோயோடு சேர்ந்து வந்தது. தோல் நிறம் மரபணுவுக்கு ஒரு தோராயமான அடையாளம், அவ்வளவுதான். வருமானமும் மருத்துவக் காப்பீடும் குறைந்தவர்களுக்கு நோய் முற்றிப்போவதும் இன வித்தியாசம் என்று சொல்வதற்குள் கலந்திருக்கிறது, அதையும் இனத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமைதான்.

சரி, அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது: பார்வையில் குறை தெரியாவிட்டாலும் கண் மருத்துவரைப் பார்க்கட்டும், ஈசிஜி எடுக்கட்டும். ஜப்பானியருக்குத்தான் கண்ணையும் இதயத்தையும் அதிகம் தாக்கும் என்பார்கள், ஆனால் யாருக்கும் தாக்கலாம். படபடப்போ மயக்கமோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.