பொருளியல் மேஜர், தென்கிழக்காசியா மைனர்: எடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் பொருளியல் பட்டப்படிப்பு படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு தொடங்கப் போகிறது. தென்கிழக்காசிய ஆய்வியலை மைனராக (துணைப்பாடமாக) எடுக்க ஆசை. வரலாறு, அரசியல், மானிடவியல், மொழி என்று எல்லாம் கலந்து கிடப்பதால் எதை எடுப்பது என்று புரியவில்லை. வீட்டில் “இதை வைத்து என்ன வேலை கிடைக்கும்?” என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஆனால் நேரம் ஒத்துவருவது, மதிப்பெண் எளிதாக வருவது என்று பார்த்துப் பாடங்களைப் பொறுக்குவதாக இருந்தால் வேண்டாம். பதினொரு நாடுகளைப் பற்றி நுனிப்புல் மேய்ந்தவராகத்தான் வெளியே வருவீர்கள். மைனர் என்பது பொதுவாக ஐந்தாறு பாடம்தான். அதற்குள் ஒரு வட்டாரம் முழுவதும் அடங்காது, ஒரு கேள்வி அடங்கும். அந்தக் கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்.

உங்கள் மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்குப் பொருந்தும் ஒன்றைச் சொல்கிறேன்: செம்பனை எண்ணெய் (பாமாயில்). 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா அதன் ஏற்றுமதியைத் தடைசெய்தது; மே மாதமே தடையை விலக்கிக்கொண்டது. வழங்கல், தேவை, ஏற்றுமதித் தடை என்று உங்கள் பொருளியல் வகுப்பு இதை ஒரு வரைபடத்தில் முடித்துவிடும். ஆனால் உலகிலேயே அதிகமாகச் செம்பனை எண்ணெய் எடுக்கும் நாட்டில் மக்கள் ஏன் சமையல் எண்ணெய்க்கு வரிசையில் நின்றார்கள்? தடை ஏன் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை? வெட்டிய பழக்குலையை ஓரிரு நாளில் ஆலைக்குக் கொண்டுபோகாவிட்டால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். ஏற்றுமதி நின்றதும் தொட்டிகள் நிரம்பின, ஆலைகள் குலை வாங்குவதைக் குறைத்தன, விலை விழுந்தது, சிறு விவசாயிகள் ஜகார்த்தாவில் போராட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சிறு விவசாயி யார், அவருக்கு நிலம் எப்படி வந்தது, ஆலையோடு அவருக்கு என்ன ஒப்பந்தம் என்பதெல்லாம் மானிடவியல், அரசியல் பாடங்களில்தான் கிடைக்கும்.

வரலாற்றுப் பாடத்தையும் இதே கேள்வியோடு அணுகுங்கள். செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. மலாயாவில் வணிக முறையிலான முதல் தோட்டம் 1917இல் சிலாங்கூரில் எழுந்தது. பிற்பாடு ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது, தோட்ட லயங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தன. உங்கள் உறவினர் யாரேனும் அந்தத் தோட்டங்களிலிருந்து வந்தவராக இருந்தால், நூலகத்துக்குப் போகும் முன் அவரிடம் பேசுங்கள்.

புவியியல் பாடம் புகைமூட்டத்தைக் கொண்டுவரும். இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் மக்கிய தாவரங்கள் மீட்டர் கணக்கில் படிந்த சதுப்புநிலங்கள் உண்டு. செம்பனை போன்றவற்றை நட வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் அந்த மண்ணே எரிபொருள். தீ நிலத்துக்கு அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். 2015 செப்டம்பர் 25 அன்று சிங்கப்பூர்ப் பள்ளிகளை மூடவைத்த புகைமூட்டம் அந்த ஆண்டின் தீயிலிருந்து வந்ததுதான். ஆசியான் நாடுகள் எல்லைதாண்டும் புகைமூட்டத்துக்கான உடன்பாட்டில் 2002இல் கையெழுத்திட்டன. இந்தோனேசியா அதை ஏற்று உறுதிசெய்ததோ 2014இல். அதே ஆண்டு சிங்கப்பூர் தனிச் சட்டமே போட்டது. பன்னிரண்டு ஆண்டு ஏன் இழுத்தது என்பது ஒரு நல்ல செமஸ்டர் கட்டுரை.

தமிழ் மாணவர்கள் பலர் இந்த மைனருக்கு வருவது கடாரத்தைத் தேடித்தான். ராஜேந்திர சோழனின் 1025 படையெடுப்பு, சுமத்ராவின் பாருஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ் வணிகக் குழுக் கல்வெட்டு, எல்லாம் அருமையான பொருள்தான். அதைத் தேர்ந்தெடுத்தாலும், அந்தப் படையெடுப்புக்கு ஆளான ஸ்ரீவிஜயப் பேரரசின் கரையில் நின்று பார்க்கப் பழகுங்கள். பெருமை பேச மைனர் தேவையில்லை.

அப்புறம் மொழி. மைனருக்கு மொழிப் பாடம் கட்டாயமில்லை என்றாலும் விடாதீர்கள். மற்றப் பாடங்களின் பொருளை நீங்களே படித்துத் தேற்றிக்கொள்ளலாம், மொழியை அப்படி முடியாது. செம்பனைக் கேள்விக்கு இந்தோனேசிய மொழி. ரோமன் எழுத்து, காலத்துக்கேற்ப வினைச்சொல் மாறாது. ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளுக்கு முழுநேரமாக மொழி கற்பிக்கும் அமெரிக்க வெளியுறவுத்துறை இந்தோனேசியத்துக்கு ஏறத்தாழ 36 வாரம், தாய்லாந்து, வியட்நாமிய மொழிகளுக்கு 44 வாரம் ஒதுக்குகிறது. அதற்கு நெருங்கிய மலாய் உங்களுக்குக் கொஞ்சம் காதில் விழுந்திருக்கும், அதனால் இன்னும் எளிது. மூன்று நிலை முடிக்க மூன்று செமஸ்டர் ஆகும் என்பதால் இந்த செமஸ்டரிலேயே தொடங்குங்கள்; மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளினால் பாதியில் நிற்கும்.

சரி, வேலை. மைனரைப் பார்த்து மட்டும் யாரும் வேலை தரமாட்டார்கள். உங்கள் மேஜர்தான் நேர்முகத் தேர்வு வரை கொண்டுபோகும். ஆனால் விளைபொருள் வர்த்தகம், வங்கிக் கடன் மதிப்பீடு, நிறுவனங்களின் சுற்றுச்சூழல் தணிக்கை போன்ற வேலைகளில் செம்பனை விளையும் சுமத்ராவின் ரியாவ் மாநிலத்து உள்ளூர்ப் பத்திரிகையைத் தானே படிக்கத் தெரிந்த பொருளியல் பட்டதாரிக்கு மதிப்பு உண்டு. செம்பனை எண்ணெய்த் துறையின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான வில்மரின் தலைமையகமே சிங்கப்பூரில்தான் இருக்கிறது. வீட்டில் சொல்லும்போது “தென்கிழக்காசியா படிக்கிறேன்” என்று சொல்லாமல், “இந்தோனேசிய மொழியும் விளைபொருள் சந்தையும் படிக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். பேச்சின் போக்கே மாறும்.

பதிவு செய்யும் முன் துறை அலுவலகத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். மேஜருக்கும் மைனருக்கும் பொதுவாக எத்தனை பாடத்தைக் கணக்கில் காட்டலாம்? மொழிப் பாடம் மைனர் கணக்கில் சேருமா? யோக்யகர்த்தாவின் கஜா மடா போன்ற பல்கலைக்கழகத்துக்கு மாணவர் பரிமாற்றத்தில் போனால் அங்கே படித்தவை ஏற்கப்படுமா? பதில்களை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்ட விதிகள் நடுவில் மாறுவது உண்டு, நீங்கள் சேர்ந்த ஆண்டின் விதிதான் உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.