முதல் ஊதியம் எங்கிருந்து வரும்?

விளம்பர எழுத்துத் துறையில் நுழைய விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து மூன்று கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்புப் பிரிவில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். ஓராண்டாக நூல்களையும் இலவசக் காணொளிகளையும் கொண்டு காப்பிரைட்டிங் (விளம்பர எழுத்து) பயின்று வருகிறேன். பிரபலமான பொருள்களுக்கு நானே எழுதிப் பார்த்த விளம்பரங்கள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன. விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் முன்அனுபவம் கேட்கிறார்கள். வேலை கிடைக்காமல் அனுபவம் எப்படிக் கிடைக்கும்? பணம் கட்டி ஒரு சான்றிதழ்ப் படிப்பு முடித்தால் பயன் இருக்குமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் முதல் வரியில் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துபோன அந்த ஆறு ஆண்டுகளைத்தான் நான் முதலில் பிடித்துக்கொள்கிறேன். பல்வலியோடு தொலைபேசியில் அழைப்பவர் முதலில் என்ன கேட்கிறார், எந்தச் சொல்லைக் கேட்டதும் தயங்குகிறார், எதைச் சொன்னால் நேரம் குறித்துக்கொள்கிறார் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். பெரிய விளம்பர ஏஜென்சிகள் ஆய்வுக்குழு வைத்துத் தேடும் செய்தி இது. நீங்கள் அதை அனுபவக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நோட்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன், வருந்த வேண்டாம். எழுத்தாளர்களை வேலைக்கு எடுக்கும் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தபோது, அப்படிப்பட்ட மாதிரிகளை நிறையப் படித்திருக்கிறேன். ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளுக்கு எழுதப்பட்ட சாமர்த்தியமான ஒற்றை வரியிலிருந்து, எழுதியவருக்குச் சொல்லாட்சி உண்டு என்பது மட்டும் தெரியும். யாரிடம் பேசுகிறோம், அவருடைய தயக்கம் என்ன, படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் யோசித்தாரா என்று தெரியாது. வேலை கொடுப்பவர் அறிய விரும்புவது அதைத்தான்.

ஆகவே அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு, உங்களுக்கு நன்கு தெரிந்த உலகத்திலிருந்து மூன்றே மூன்று மாதிரிகளைத் தயார் செய்யுங்கள். மிகச் சிறிய எடுத்துக்காட்டு ஒன்று தருகிறேன். பல மருத்துவமனைகள் முந்தைய நாள் அனுப்பும் குறுஞ்செய்தி ஏறத்தாழ இப்படி இருக்கும்: ‘தங்களது சந்திப்பு நாளைக்கு உறுதி செய்யப்பட்டுள்ளது. தவறாமல் வரவும்.’ இதை இவ்வாறு மாற்றலாம்: ‘நாளை காலை 10 மணிக்கு உங்களுடைய இரண்டாவது அமர்வு. சுமார் 40 நிமிடம் ஆகும். வர இயலாவிட்டால் இன்று மாலைக்குள் இந்த எண்ணில் சொல்லுங்கள், வேறு நேரம் ஒதுக்கித் தருகிறோம்.’

இரண்டையும் அருகருகே வைத்து, கீழே அரைப் பக்கத்தில் காரணங்களை எழுதுங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்பது தெரிந்தால்தான் வேலைக்குப் போகிறவர் அனுமதி கேட்க முடியும் என்பதால் நிமிடக் கணக்கு சேர்ந்தது. வர முடியாதவர் சங்கடப்பட்டுச் சொல்லாமலே இருந்துவிடுவதுதான் மருத்துவமனைக்கு உண்மையான இழப்பு என்பதால், சொல்வதற்கு எளிய வழி தரப்பட்டது. கைபேசித் திரையை வீட்டில் மற்றவர்களும் பார்க்கக்கூடும் என்பதால் சிகிச்சையின் பெயர் தவிர்க்கப்பட்டது. இந்த அரைப் பக்கம்தான் உங்களை நேர்காணல் வரை கொண்டுசேர்க்கும். அழகாக எழுதுபவர்கள் பலர் விண்ணப்பிப்பார்கள்; ஏன் அப்படி எழுதினேன் என்று விளக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

அடுத்த மாதிரி, சிகிச்சை ஒன்றை விளக்கும் இணையப் பக்கமாக இருக்கட்டும். ‘நவீனக் கருவிகள், அனுபவமிக்க மருத்துவர்கள்’ என்று தொடங்காமல், தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். வலிக்குமா, எத்தனை முறை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்பவைதான் அவை. ‘இதெல்லாம் எல்லா இடத்திலும் செய்வதுதானே, சொல்ல என்ன இருக்கிறது’ என்று தோன்றும் செய்திகளை ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ், ஷ்லிட்ஸ் என்ற மதுபான நிறுவனத்துக்கு எழுதுவதற்காக ஆலையைச் சுற்றிப் பார்த்தபோது, ஒவ்வொரு புட்டியையும் இயந்திரத்தால் நான்கு முறை தூய்மை செய்வதைக் கண்டு வியந்தார். எல்லா ஆலைகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் வாங்குபவரிடம் அதை யாருமே சொல்லியிருக்கவில்லை. ஹாப்கின்ஸ் அதையே விளம்பரமாக்கினார். உங்கள் மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளிக்கும் கருவிகள் எப்படித் தூய்மை செய்யப்படுகின்றன என்பதும் இதுபோன்ற செய்திதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ‘வலியே இருக்காது’ என்று எழுதிவிடாதீர்கள். மருத்துவ விளம்பரங்களுக்குப் பல நாடுகளில் கடுமையான விதிகள் உண்டு. விதி இல்லாத இடத்திலும், நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வலித்துவிட்டால் உங்கள் வரி பொய்யாகிவிடும். மாதிரிகளின் மேல் ‘பயிற்சிக்காக எழுதியது’ என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். உண்மையான நோயாளிகளைப் பற்றிய எந்த விவரமும் உள்ளே வரக்கூடாது.

மாதிரிகள் தயாரானபின் ஆள் தேவை விளம்பரங்களுக்காக மட்டும் காத்திராமல், உங்கள் துறையைச் சார்ந்த இடங்களுக்கு நேரடியாக எழுதுங்கள். மற்ற பல் மருத்துவமனைகள், பல் மருத்துவக் கருவிகள் விற்பவர்கள், மருத்துவத் துறைக்கு விளம்பரம் செய்து தரும் சிறிய ஏஜென்சிகள் என்று இருபது பெயர்களாவது உங்களுக்குத் தோன்றும். மின்னஞ்சலில் உங்களைப் பற்றி இரண்டு வரி போதும். அவர்களுடைய இணையப் பக்கத்தில் ஒரு பத்தியை எடுத்து, இங்கே படிப்பவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்று குறை சொல்லும் தொனியின்றி எடுத்துக்காட்டி, மாற்றி எழுதிய வடிவத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். நீங்கள் இப்போது வேலை பார்க்கும் மருத்துவமனையிடமும் கேட்டுப் பாருங்கள். அந்தக் குறுஞ்செய்தியை மாற்ற அவர்கள் சம்மதித்தால், சொல்லாமல் வராமல்போனவர்களின் எண்ணிக்கையை மாற்றத்துக்கு முன் ஒரு மாதமும் பின் ஒரு மாதமும் குறித்து வையுங்கள். குறைந்திருந்தால், அந்த எண்ணிக்கையை வெளியே காட்ட அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

பின்னாளில் புகழ்பெற்ற விளம்பர எழுத்தாளரான டேவிட் ஓகில்வியின் தொடக்கமும் இப்படித்தான் இருந்தது. ஆகா என்ற அடுப்பை வீடுவீடாகச் சென்று விற்றுக்கொண்டிருந்த அவர், 1935ஆம் ஆண்டு சக விற்பனையாளர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். லண்டனில் மேதர் அண்ட் க்ரவுதர் விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய அவருடைய அண்ணன் அதை மேலிடத்தில் காட்ட, அங்கே அவருக்கு வேலை கிடைத்தது. அண்ணன் உள்ளே இருந்தது அவருடைய நல்வாய்ப்பு. எல்லோருக்கும் அது அமையாது. ஆனால் காட்டுவதற்கு ஒரு கையேடு இருந்தது என்பதும், அது வாசல்படியில் நின்று கற்றதிலிருந்து பிறந்தது என்பதும் உங்களுக்கும் பொருந்தும்.

சான்றிதழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் எழுத்தை ஒருவர் உட்கார்ந்து திருத்தித் தரும் படிப்பாக இருந்தால் பணம் கொடுக்கலாம், தாளுக்காகக் கொடுக்க வேண்டாம். தனியாகப் பயில்வதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவயதில், தமக்குப் பிடித்த கட்டுரைகளின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிறு குறிப்பு எடுத்து வைத்துவிட்டு, சில நாள் கழித்து மூலத்தைப் பார்க்காமல் அதை மீண்டும் எழுதி, பிறகு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்திக்கொண்டார். நல்ல விளம்பரங்களை வைத்து நீங்களும் அவ்வாறே செய்து பாருங்கள்.

கேள்வி: ஒரு நிறுவனம் என் மாதிரிகளைப் பார்த்துவிட்டு, ‘சோதனைக்காக’ அவர்களுடைய பத்துப் பொருள்களுக்கு விளம்பரம் எழுதித் தரச் சொல்கிறது. பணம் பற்றிப் பேச்சே இல்லை. எழுதித் தரலாமா? கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது?

பதில்: ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும் ஒரு சிறிய சோதனையை மறுக்க வேண்டியதில்லை. பத்துப் பொருள்கள் என்பது சோதனையின் அளவைத் தாண்டிய வேலை. அவற்றை அவர்கள் அப்படியே வெளியிட்டுக்கொள்ளவும் முடியும். ‘ஒரு பொருளுக்கு மாதிரியாக எழுதித் தருகிறேன், மீதி ஒன்பதுக்கு என் கட்டணம் இவ்வளவு’ என்று பணிவாகவும் உறுதியாகவும் பதில் எழுதுங்கள். தொடக்கக் காலத்தில் இதைச் சொல்ல எவ்வளவு அச்சமாக இருக்கும் என்பதை நான் அறிவேன். ஆனால் உங்களை வேலைக்கு எடுக்கும் எண்ணம் உள்ளவர்கள் இந்தப் பதிலால் பின்வாங்குவது அரிது.

கட்டணத்தைச் சொல்லெண்ணிக்கையில் கணக்கிட வேண்டாம். ஐந்து சொல் தலைப்புக்கு இரண்டு நாள் உழைக்க நேரும். பொருளை அறிவது, பயனாளர்களிடம் பேசுவது, எழுதுவது, திருத்துவது ஆகிய அனைத்துக்கும் ஆகும் மணிகளைக் கூட்டி, ஒரு பணிக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். முதல் வேலை என்பதற்காகக் குறைத்துக்கொண்டால், இன்வாய்ஸில் முழுத்தொகையையும் தள்ளுபடியையும் தனித்தனியே காட்டுங்கள்; அடுத்த முறை பழைய தொகையிலேயே மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். எத்தனை விளம்பரங்கள், எத்தனை முறை திருத்தம் (இரண்டு முறை என்பது நியாயமானது), எந்த நாளுக்குள், முன்பணம் எவ்வளவு என்பவற்றை மின்னஞ்சலிலாவது எழுதி ஒப்புதல் பெறுங்கள். முன்பணமாகப் பாதி கேட்பது இத்துறையில் வழக்கம்தான்.

விளம்பர எழுத்தாளரைக் குறிக்கும் காப்பிரைட்டர் என்ற சொல்லையும் பதிப்புரிமையைக் குறிக்கும் காப்பிரைட் என்ற சொல்லையும் தமிழில் பலர் குழப்பிக்கொள்வதுண்டு, இரண்டும் வேறு. ஆனாலும் உங்கள் ஒப்பந்தத்தில் இரண்டும் சந்திக்கும் வரி ஒன்று இருக்க வேண்டும்: முழுத்தொகை வந்து சேர்ந்த பிறகே எழுத்தின் உரிமை அவர்களுக்கு மாறும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் விளம்பரம் எழுதித் தரும்போது, இனி இத்துறைக்கு வருவது அறிவுடைமையா?

பதில்: எளிய பொருள் விவரணைகளை அந்தக் கருவிகளிடமே விட்டுவிடும் நிறுவனங்கள் உண்டு, அவ்வகை வேலையை மட்டும் நம்பி வர வேண்டாம். கருவி தரும் வாசகம் சரளமாக இருக்கும், ஆனால் அதிலுள்ள வாக்குறுதி உண்மைதானா என்று அது போய்ப் பார்த்து வராது. முதல் கடிதம் எழுதிய சகோதரி ஆறு ஆண்டுகள் தொலைபேசியில் கேட்ட தயக்கங்களும், அவர் எழுதி வைக்காதவரை அதற்குத் தெரியாது. கருவியைப் பயன்படுத்தினால் வாடிக்கையாளரிடம் மறைக்காதீர்கள்; அது எழுதித் தந்த ஒவ்வொரு தகவலையும் சரிபார்த்த பிறகே உங்கள் பெயரில் அனுப்புங்கள். நேர்காணலில் இந்தக் கேள்வி நிச்சயம் எழும் என்பதால், கருவி எழுதிய ஒரு பத்தியை எடுத்து, அதில் எதை நீக்கினீர்கள், எதைச் சேர்த்தீர்கள், ஏன் என்று விளக்கும் மாதிரி ஒன்றையும் உங்கள் போர்ட்ஃபோலியோவில் (மாதிரிகளின் தொகுப்பில்) வைத்திருங்கள்.